எண்பது எழுத்துக்குள்

முடிவுத்தாளின் அடியில் ஒரு பெட்டி உண்டு.
எண்பது எழுத்தைத் தாண்டினால்
கணினி பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்ளும்.
பதினொரு வருடமாக
அதற்குள்தான் எழுதுகிறேன்.

'துத்தநாகம் குறைவு. காய்ச்சல் தணிந்தபின் மீண்டும் பார்க்கவும்.'

மேல்மாடி வார்டிலிருந்து டாக்டர் ரூரி அழைக்கிறார்:
குறைந்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே,
மாத்திரைதானே?
இரத்தத்தில் இல்லை என்பது
உடலில் இல்லை என்றாகாது, டாக்டர்.
அழற்சி மூண்டால்
துத்தநாகம் ஈரலுக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொள்ளும்.
வாசலில் செருப்பைக் காணோம் என்பதற்காக
ஆள் செத்துவிட்டான் என்று எழுதலாமா?
அந்தப் பக்கம் சற்று அமைதி.
பிறகு, 'எத்தனை நாள் கழித்து?'

இங்கே எல்லாமே எதிரி.
ரப்பர் மூடி, கையுறைப் பவுடர், சன்னலோரத் தூசு,
என் வியர்வை.
இஷ்பெல் குழாய்களை
ஓரிரவு அமிலத்தில் ஊறப்போட்டு
மூன்று முறை அலசுவாள்,
பூசைப் பாத்திரம்போல என்று சொல்ல வந்து
விட்டுவிட்டேன்.
அவளுக்குச் சாமி கிடையாது,
தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட நெறிமுறைத்தாள் உண்டு.

ஒருமுறை ஒரு முதியவரின் துத்தநாகம்
எகிறிக்கொண்டு நின்றது.
மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.
அரிய மரபணு நோயோ என்று
பழைய சஞ்சிகைகளைப் புரட்டினேன்,
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.
கடைசியில் அது
இரத்தம் எடுத்த தாதியின் விரலிலிருந்த களிம்பு.
வேலைக்குக் கிளம்புமுன்
ஆறுமாதக் குழந்தையின் தொடையிடுக்குப் புண்ணுக்குத்
தடவிவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.
'மாசு. மறுமாதிரி தேவை' என்று எழுதினேன்.
மாசு என்ற சொல்
அன்று மட்டும் கொஞ்சம் கூசியது.

டண்டீயில் அக்டோபர் முடிந்தால்
வெயில் டே ஆற்றின்மேல் சாய்ந்தே வந்து
சாய்ந்தே போகும்.
மார்ச் வரை தோலில்
வைட்டமின் டி ஊறாது.
முடக்குவாத நோயாளிகளோடு ஒப்பிட
நலமானவர்கள் முப்பது பேர் வேண்டியிருந்தது.
நூலகர், இரவுக் காவலாளி, இஷ்பெலின் அண்ணன்,
துடுப்புப் போடும் மாணவர்கள் நாலு பேர்...
இருபத்தொன்பதில் நின்றுவிட்டது.
சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.
நலமானவர், எண் முப்பது.

குறியீட்டை அவிழ்த்த நாளில்
வரைபடத்தின் அடியில்
ஒரே ஒரு புள்ளி,
கூட்டத்தோடு சேராத ஆடு மாதிரி.
ஐம்பது இருக்கவேண்டிய இடத்தில்
பதினொன்று.
நோயாளிகளிலேயே அவ்வளவு தாழ்ந்தவர் இல்லை.
என் நிறத்துத் தோலுக்கு
இந்த ஊர் வெயில் காணாது என்று
இரண்டு கட்டுரை எழுதியவள் நான்.
படியேறும்போது தொடை கடுத்ததை
மேட்டுத் தெருக்களின் தலையில் போட்டவளும் நான்தான்.

அந்தப் புள்ளியை நீக்கினால்
நோய்க்கும் குறைவுக்கும் உள்ள தூரம் தெளிவாகிறது:
சுழி தசம் சுழி நான்கு.
விட்டுவைத்தால் சுழி தசம் சுழி ஆறு,
சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
'அந்த ஆள் நலமில்லாதவர், நீக்குவதுதானே நியாயம்?'
இஷ்பெல் கேட்டது தவறில்லை.
ஆனால் எண்ணைப் பார்த்தபின்பா
நலத்துக்கு வரையறை எழுதுவது?
நாலு மணிக்கே இருட்டிவிட்ட சன்னலில்
என் முகம்தான் தெரிந்தது.
குளிர்பெட்டிகளின் முனகலைக் கேட்டபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பொய் சொல்லவேண்டியதில்லை,
ஒரு விசையை அழுத்தினால் போதும்.
அழுத்தவில்லை.
வீரமெல்லாம் இல்லை,
எந்த மாதிரியைத் தூக்கி எறிந்தாலும்
பெட்டியில் காரணம் எழுதவேண்டும்;
எண்பது எழுத்தில் எனக்கு எதுவும் வரவில்லை.

புள்ளி அங்கேயே இருக்கிறது.
முப்பதாம் எண்ணுக்கு எழுதிவிட்டேன்:
'குறைவு. இது உண்மையான குறைவு. ஆளுக்குச் சொல்லியாயிற்று.'

பாலத்தருகே மருந்துக்கடையில்
ஒரு புட்டி வாங்கினேன்.
யாருக்கு என்று கேட்டான் பையன்.
காதில் விழாததுபோல்
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.